அழுகை சவுண்டு

செப்டம்பர் 6, ஞாயிறு

அமெரிக்க அரசியலில் எனக்கு ஓட்டு கிடையாது. அபிப்பிராயம் மட்டும்தான் உண்டு. அபிப்பிராயத்துக்கும் ஓர் அட்டை வேண்டும் என்று இன்னும் சட்டம் வரவில்லை. இன்று ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது இதைச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டபோது இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர் ஞானமுத்து. நாசரேத்தில் அவருடைய அப்பா வீட்டில் இருக்கிறார்.

"சபையில போய் இதையெல்லாம் ஏன் பேசுத? ரூபஸ் அண்ணாச்சி காதுல விழுந்தா வேல போயிரும். வாய் ரொம்ப அரிச்சா எழுதி வையி" என்றார்.

சரி, எழுதித் தொலைக்கிறேன். முதல் பக்கத்தில் பேர் எழுதுவது பள்ளிக்கூடத்துப் பழக்கம். ஜெயசீலி ஞானமுத்து, டாலஸ் பக்கம். வயது எழுத மாட்டேன்.

எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. வெள்ளைக்காரர்கள் காலையில் ஆராதித்த மண்டபத்தில் நாங்கள் மத்தியானம் ஆராதிக்கிறோம். அவர்கள் காப்பி வாசனை போவதற்குள் எங்கள் முதல் பாட்டு ஆரம்பித்துவிடும். கீபோர்டு நான்தான் வாசிக்கிறேன். பாட்டுக்கு வாசிப்பது பெரிய விஷயமில்லை. பாஸ்டர் ஜெபிக்கும்போது அடியில் பேட் பிடிக்கிறேனே, அதுதான் உண்மையான வேலை. பேட் என்றால் விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டே இருக்கும் நீண்ட, மெத்தென்ற சத்தம். ஜெபத்தின் அடியில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இருக்கும்போது யாருக்கும் தெரியாது. நிறுத்தினால்தான் தெரியும்.

"ஒங்க சார் எப்ப வாராங்க?" என்று இன்றும் கேட்டார்கள். அடுத்த மாதம் என்றேன்.

செப்டம்பர் 9, புதன்

பர்கரைக் கேவலமாகப் பேசுகிற நம் ஆட்களை எனக்குப் பிடிக்காது. சபையில் "குப்பைச் சாப்பாடு" என்பார்கள். ஆராதனை முடிந்து போகிற வழியில் நான் வேலை பார்க்கிற பர்கர் கடை ஜன்னலுக்குக் காரை ஓட்டி வருவார்கள். ஹெட்போனில் அந்த ஆங்கிலத்தைக் கேட்டாலே ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிடும். வெங்காயம் வேண்டாம், காரம் கூட வேண்டும், சாஸ் பாக்கெட் நிறைய வேண்டும். ஜன்னலில் என் முகத்தைப் பார்த்ததும் "பிள்ளைகளுக்கு" என்பார்கள். பின் சீட்டில் பிள்ளைகளே இருக்காது.

உருளைக்கிழங்கு வறுவல் எண்ணெயை விட்டு வந்த சூட்டோடு தின்றால் நம் வாழைக்காய் பஜ்ஜிக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஆறிவிட்டால் நாற்காலிக் கால். பன்னில் சர்க்கரை போடுகிறார்கள், அதை நான் மன்னிக்கவில்லை. அந்த மொத்தப் பொட்டலத்திலும் நேர்மையான பொருள் ஊறுகாய் வெள்ளரிக்காய் ஒன்றுதான்.

எண்ணெய்ச் சட்டி கத்துகிற அலாரம் எந்தச் சுரத்திலும் நிற்காமல் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நின்று கத்துகிறது. அந்த அலாரத்தைச் செய்தவனுக்குக் காது இருந்திருக்காது. எட்டு மணி நேரம் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கீபோர்டைத் தொட்டால்தான் எனக்கு மனுஷ ஜென்மம் திரும்புகிறது.

கடை ரூபஸ் அண்ணாச்சியுடையது. இதைப்போல நான்கு வைத்திருக்கிறார். சபைக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். முன்னாலேயே இங்கே குடியேறிவிட்ட அக்கா தம்பிக்காக அரசாங்கத்தில் போட்ட மனுவில், வருடக்கணக்காக வரிசையில் நின்று இந்த நாட்டுக்கு வந்தவர். கையில் ஒரு பெட்டியோடு இறங்கின கதையை ஒவ்வொரு பிறந்தநாள் வீட்டிலும் சொல்வார். நானும் இவரும் அப்படித்தான் வந்தோம், என் அண்ணன் போட்ட மனுவில். எங்களிடம் பெட்டி இரண்டு.

செப்டம்பர் 13, ஞாயிறு

கீபோர்டோடு கம்பெனிக்காரன் வைத்துத் தருகிற சத்தங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'தேவதூதர் குழு' என்று ஒன்று இருக்கிறது. பசியே அறியாத தேவதூதர்கள். 'இந்தியா' என்று ஒன்று, சித்தாராம். கொசு மாதிரி ரீங்கரிக்கிறது. எல்லாவற்றிலும் எதிரொலியைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். எதிரொலி பெருங்காயம் மாதிரி, இருப்பது தெரியக்கூடாது.

அதனால் என் பேட்டை நானே செய்துகொண்டேன். இன்று ஜெபத்தில் அதைப் பிடித்தபோது வயலட் அக்கா ஏங்கி ஏங்கி அழுதாள். அக்கா எங்கள் சபையின் சமையல்காரி, சுலபத்தில் அழுகிற ஆள் இல்லை. ரூபஸ் அண்ணாச்சி வந்து, "எம்மா, அந்த அழுகை சவுண்டு எங்க வாங்குன?" என்றார்.

"வாங்கல அண்ணாச்சி. வீட்ல செஞ்சது" என்றேன்.

செப்டம்பர் 16, புதன்

அது எப்படிச் செய்தேன் என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாது.

அது இவருடைய குறட்டை.

இவர் குறட்டை விடுவார். கல்யாணம் ஆன நாள் முதலாக அதை மறுத்துக்கொண்டும் வருகிறார். ஊருக்குப் போவதற்கு முந்தின வாரம், சாட்சி இருக்கட்டும் என்று போனைத் தலைமாட்டில் வைத்துப் பதிவு செய்தேன். காலையில் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அது ஃபிரிட்ஜ் சத்தம்" என்றார். அவ்வளவு பெரிய பொய்யை அவ்வளவு நிதானமாகச் சொல்ல இவரால்தான் முடியும்.

அந்தப் பதிவில், மூச்சை இழுத்து முடிக்கிற இடத்தில் ஒரு சின்னத் துண்டு சுத்தமாக 'ஏ' சுரத்தில் நிற்கிறது. அதை வெட்டி எடுத்து, நீட்டி, முனையும் முனையும் தெரியாமல் சேர்த்தேன். கரகரப்பை ஃபில்டரில் வடிகட்டினேன். முழுசாக வடிகட்டவில்லை, அடியில் கொஞ்சம் விட்டுவைத்தேன். மெதுவாக எழும்படி வைத்தேன். விரலை எடுத்த பிறகும் உடனே நிற்காமல் கொஞ்ச நேரம் இழுத்து அடங்கும்படி வைத்தேன். அவ்வளவுதான். சபை மொத்தமும் ஞாயிறுதோறும் என் வீட்டுக்காரர் குறட்டையில் கண்ணீர் விடுகிறது. யோசித்தால் சிரிப்பு வருகிறது.

இது முழுக்க முழுக்கத் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 20, ஞாயிறு

அக்டோபர் பதினெட்டில் அறுப்பின் பண்டிகை, விளைச்சலுக்கு நன்றி சொல்கிற நாள். அன்றைக்கு அசனம் உண்டு. எங்கள் ஊர்ப் பக்கத்துச் சபைகளில் அசனம் என்றால் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே சோறும் ஒரே ஆட்டுக்கறியும் தின்பது. பணக்காரனுக்குத் தனி இலை கிடையாது. இங்கே வந்தும் வயலட் அக்கா புண்ணியத்தில் அதை விடவில்லை.

இந்த வருடம் ரூபஸ் அண்ணாச்சி மைக்கில் இரண்டு அறிவிப்பு செய்தார். ஒன்று, அசனத்துக்குச் சோறு இல்லை, அவர் கடையிலிருந்து பர்கர் பெட்டி வரும். இரண்டு, அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு நிற்கிற வேட்பாளர் ஒருவர் விருந்தாளியாக வருகிறார். பாஸ்டர் அவர் தலையில் கை வைத்து ஜெபிப்பார்.

"சபை யாருக்கும் ஆதரவு குடுக்கல. சட்டப்படி குடுக்கவும் கூடாது. இது ஆசீர்வாதம் மட்டுந்தான்" என்றார் அண்ணாச்சி.

வயலட் அக்கா என் காதில், "ஏட்டி சீலி, அசனத்துக்குப் பன்னா? கர்த்தர் மன்னிச்சாலும் எங்கம்மா மன்னிக்கமாட்டா" என்றாள்.

செப்டம்பர் 22, செவ்வாய்

இவர் விசா ஆபீசுக்குப் போன நாள். போனில் இரண்டு நிமிடம் பேசினோம். பிறகு வீட்டிலுள்ள துணி எல்லாவற்றையும் துவைத்தேன், துவைத்து மடித்து வைத்திருந்ததையும் சேர்த்து.

செப்டம்பர் 26, சனி

அந்த வேட்பாளருக்கு நான் தொப்பிக்காரர் என்று பேர் வைத்திருக்கிறேன். டெக்சஸில் தொப்பி போடாத வேட்பாளரைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்பது வேறு விஷயம். டிவியில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வருகிறார். ஒருவன் வந்தால் அண்ணன், தம்பி, பெண்டாட்டி என்று பின்னாலேயே குடும்பம் குடும்பமாக மனுப் போட்டு வருகிறார்களாம். "அந்த வரிசையை மூடுவேன்" என்கிறார்.

எதிர்த்து நிற்கிறவரும் என் கையில் தப்ப மாட்டார். அவர் தீபாவளிக்குக் குத்துவிளக்கு ஏற்றிப் படம் எடுத்துக்கொள்வார். போன வருடம் எங்கள் சபைக்கே தீபாவளி வாழ்த்து அனுப்பினார். வரிசை ஏன் இப்படி நகராமல் நிற்கிறது என்று கேட்டால், ஆராய்கிறோம் என்கிறார். நான் சின்னப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து ஆராய்ந்துகொண்டிருப்பார்கள் போல.

இன்று அந்த விளம்பரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எதிராளியைப் பற்றிச் சொல்லும்போது அடியில் ஒரு தாழ்ந்த உறுமல். தன்னைப் பற்றிச் சொல்லும்போது பியானோ, அதற்கு அடியில் பேட். நான் பிடிக்கிற மாதிரியே மெதுவாக எழுகிறது. வார்த்தையில் சத்து இருக்கிறதோ இல்லையோ, அடியில் அது ஓடினால் நெஞ்சு இளகிவிடும். எனக்கு இந்த வேலை தெரியும். நானும் அதைத்தான் ஞாயிறுதோறும் செய்கிறேன். கொஞ்சம் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

அக்டோபர் 3, சனி

மாமாவுக்கு, அதாவது இவர் அப்பாவுக்கு, பக்கவாதம் என்று இவர் போனது ஒரு மாத லீவில். ஒரு மாதத்தில் முடிகிற காரியமா அது? தூக்கி உட்கார வைக்க, துடைக்க, ஊட்ட வேறு ஆள் கிடையாது. மாமா ஜூன் மாதம் காலமானார். அதற்குள் இவர் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் கிரீன் கார்டு அட்டை வெறும் அட்டைதான், திரும்பி வரத் தனி அனுமதி வாங்க வேண்டும். பெற்ற அப்பனைச் சாகும்வரை பார்த்துக்கொண்டதற்கு இதுதான் அபராதம்.

இவரோடு இன்று நெடுநேரம் பேசினேன். தென்னைமரத்துக்கு உரம் வைத்தாராம். ஊரில் மழை இல்லையாம். விசாவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கடையில் கேட்டவர்களிடம் அடுத்த மாதம் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 11, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ரூபஸ் அண்ணாச்சி கீபோர்டு பக்கம் வந்தார்.

"எம்மா ஜெயசீலி, அடுத்த வாரம் பாஸ்டர் அவருக்கு ஜெபிக்கும்போது அந்த அழுகை சவுண்டப் போடு, என்ன? அவரு கண்ணு கலங்கணும். இப்பிடி ஒரு சபைய நான் பாத்ததில்லைன்னு நாலு எடத்துல போய்ச் சொல்லணும்."

"அண்ணாச்சி, அவரு வரிசைய மூடுவேங்காரே" என்றேன்.

"அது தப்பானவங்களுக்கு. நம்ம மாதிரி ஒழுங்கா வந்தவங்களுக்கு இல்ல."

"நீங்களும் அக்கா மனுவுலதான வந்திய?"

"நா வந்துட்டம்லா" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு ஆறவில்லை. பஸ்ஸில் ஏறினவன் கதவைச் சாத்தச் சொல்வதை நம் ஊரில் பார்த்திருக்கிறேன். அவன்கூடச் சிரித்துக்கொண்டு சொல்ல மாட்டான்.

அக்டோபர் 18, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. ஒன்றும் விடாமல் எழுதப்போகிறேன்.

மண்டப வாசலில் வாழைக்குலை கட்டியிருந்தார்கள், பக்கத்தில் மக்காச்சோளக் கட்டு. சுவரோரம் பர்கர் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு. தொப்பிக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்திருந்தார். நேரில் பார்க்க நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார், அதையும் எழுதிவிட வேண்டும். அண்ணாச்சி பொன்னாடை போர்த்தினார். அவர் எழுந்து பேசினார். உழைப்பாளிகள், குடும்பத்தை மதிக்கிறவர்கள், நீங்கள்தான் சரியான வழியில் வந்தவர்கள் என்றார். உங்களுக்குப் பின்னால் அந்த வாசலைச் சாத்துவேன் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். பெண்டாட்டிக்கும் தம்பிக்கும் மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்களும் தட்டினார்கள். அடுத்தவன் தட்டும்போது நாம் சும்மா இருந்தால் என்ன நினைப்பான் என்கிற தட்டல் அது. என் கை கீபோர்டில் இருந்தது, எனக்குத் தப்பிக்க வழி இருந்தது.

பிறகு பாஸ்டர் எபனேசர் அவர் தலைமேல் கை வைத்து, "ஜெபிப்போம்" என்றார்.

நான் 'ஏ'வைப் பிடித்தேன். மெதுவாக எழுந்தது. மண்டபம் அடங்கியது. பாஸ்டர் ஆங்கிலத்தில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம் ஜெபித்தார். பேட்டைக் கேட்டதும் அவர் குரலும் இளகியது, எப்போதும் அப்படித்தான். தொப்பிக்காரர் கண்ணைத் துடைத்தார். அண்ணாச்சி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"ஆண்டவரே, இந்த மகன் கையிட்டுச் செய்கிற காரியங்களையெல்லாம் வாய்க்கப்பண்ணும்" என்றார் பாஸ்டர்.

வாய்க்கப்பண்ணுவதா? எந்தக் காரியத்தை? யாருடைய மூச்சு அடியில் ஓடிக்கொண்டிருக்க, யார் வாசலைச் சாத்துகிற காரியம்?

நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன்.

விரலை எடுத்தாலும் சத்தம் உடனே நிற்காது, நான்தான் அப்படிச் செய்து வைத்திருந்தேன். இழுத்து இழுத்து, தூக்கத்தில் ஓர் ஆள் புரண்டு படுப்பது மாதிரி அடங்கியது. அப்புறம் ஏசி சத்தம். யாரோ பர்கர் பெட்டியைத் திறக்கிற சத்தம். பாஸ்டரின் ஜெபம் வெறும் பேச்சாகக் கேட்டது. அவருக்கே கேட்டிருக்க வேண்டும். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நாலு வார்த்தையைத் தாண்டிக் குதித்து ஆமென் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சி ஓடி வந்தார். "என்னம்மா, கரன்ட் போச்சா?"

"இல்ல அண்ணாச்சி. நாந்தான் கைய எடுத்தேன்."

"எதுக்கு?"

"அந்தச் சத்தம் அவருக்கு இல்ல."

ஒயரைப் பிடுங்கினேன். கீபோர்டு என்னுடையது, சபையுடையது இல்லை. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நாற்காலி வரிசை நடுவே நடந்து வெளியே வந்தேன்.

கார் நிறுத்துகிற இடத்தில் வயலட் அக்கா தன் கார் டிக்கியைத் திறந்து வைத்து நின்றாள். உள்ளே ஒரு பெரிய சட்டி ஆட்டுக்கறி, ஒரு பாத்திரம் சோறு. பர்கர் அறிவிப்பை அவள் ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஒன்றும் கேட்காமல் ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தாள். நின்றுகொண்டே தின்றேன். நல்ல காரம். கண்ணில் தண்ணீர் வந்தது அதனால்தான்.

அக்டோபர் 19, திங்கள்

கடையில் இந்த வார ஷிப்டு ஒட்டியிருக்கிறார்கள். என் பேர் இல்லை.

அக்டோபர் 21, புதன்

பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். டீ போட்டுக் கொடுத்தேன். கோபமாக வருவார் என்று நினைத்துப் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். மனுஷர் பாவம்போல உட்கார்ந்திருந்தார்.

"சிஸ்டர், ரூபஸ் பிரதர்ட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேட்டுட்டா எல்லாம் சரியாயிரும். வேலையும்கூட."

"கேக்கமாட்டேன் பாஸ்டர்."

"சபைக்குள்ள அரசியல் வேண்டாமே சிஸ்டர்."

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் கொண்டுவரல பாஸ்டர். அது தொப்பி போட்டுட்டு முன்வரிசையில உக்காந்திருந்தது."

அவரும் சிரித்துவிட்டார். பிறகு டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே, சார் நிஜமாக எப்போது வருகிறார் என்று கேட்டார். நான் அந்த கிளாசில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன். அவருக்குப் புரிந்தது.

"நீங்க ஒண்ணு செய்யுங்க, நான் திரும்ப வாசிக்கேன்" என்றேன். "ஞாயித்துக்கிழம எங்க வீட்டுக்காரங்க பேரச் சொல்லி ஜெபம் பண்ணுங்க. சும்மா பிரயாணத்துல இருக்கவங்கன்னு இல்ல. விசா குடுக்காம நிப்பாட்டி வச்சிருக்காங்க, வரிசை தொறக்கணும்னு சொல்லுங்க."

"அது கொஞ்சம் அரசியல் மாதிரி ஆயிரும் சிஸ்டர்."

"தொப்பிக்காரர் ஜெயிக்கணும்ங்கது ஆசீர்வாதம். என் புருசன் வீட்டுக்கு வரணும்ங்கது அரசியலா?"

மீதி டீயைக் குடித்து முடித்தார். கிளம்பும்போது கதவருகே நின்று கண்ணை மூடி, ஞானமுத்து என்று பேர் சொல்லி ஜெபித்தார். பேட் இல்லாமல், ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும் அடியில். நல்ல ஜெபம்தான். ஆனால் என் வீட்டுக்குள் சொன்னார். சபையில் சொல்லட்டும்.

அக்டோபர் 25, ஞாயிறு

போகவில்லை. வீட்டில் ரசம் வைத்தேன்.

சாயங்காலம் வயலட் அக்கா போன் செய்தாள். பேச முடியாமல் சிரித்தாள். கீபோர்டு இல்லையென்று அண்ணாச்சி தன் போனில் யூடியூபைத் திறந்து, மூன்று மணி நேர ஜெப இசை என்று ஒன்றை மைக்கில் வைத்துவிட்டாராம். பாஸ்டர் உருகி ஜெபித்துக்கொண்டிருந்தபோது நடுவில் விளம்பரம் வந்துவிட்டதாம். எதிர்க்கட்சிக்காரர் விளம்பரம்.

"ஏட்டி, 'தகப்பனே, உம்ம சத்தத்த நாங்க கேக்கட்டும்'னு சொல்லி முடிக்காரு, அந்த ஆளு வந்து எனக்கு ஓட்டுப் போடுங்கான். அண்ணாச்சிக்குப் போன அமத்தவே தெரியல."

நெடுநாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அக்டோபர் 28, புதன்

எதிர்த்த சாரியில் கோழி வறுக்கிற கடையில் ஆள் எடுக்கிறார்கள். கேட்டேன், வரச் சொல்லிவிட்டார்கள். கோழியைப் பற்றி எனக்கு இன்னும் அபிப்பிராயம் உருவாகவில்லை, வரும். இந்தக் கடை அலாரம் சுத்தமாக 'ஜி'யில் நிற்கிறது. நல்ல சகுனம் என்று வைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 1, ஞாயிறு

போனேன். என் சபைக்கு நான் போவதற்கு யார் உத்தரவு வேண்டும்? கீபோர்டு கார் டிக்கியில் கிடந்தது. இறக்கி வைக்கச் சோம்பல், அதனால் கிடந்தது. மற்றவர்களைப் போல நடு வரிசையில் உட்கார்ந்தேன்.

பாட்டுக்குப் பிறகு சாட்சி நேரம். அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து தன் காரியத்தைச் சொல்லலாம், கமிட்டித் தலைவர் உட்பட யாரும் தடுக்கக் கூடாது. பரீட்சை பாஸானது, கார் விபத்தில் தப்பியது என்று சொல்வார்கள். நான் இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் எழுந்ததில்லை. இன்று எழுந்தேன்.

"எங்க வீட்டுக்காரங்க அடுத்த மாசம் வரமாட்டாங்க" என்றேன். "கேட்டவங்க எல்லாத்துட்டயும் அடுத்த மாசம்னு சொன்னேன். விசா ஆபீஸ்ல செப்டம்பர்லயே இல்லைன்னுட்டாங்க. இப்ப நான் புதுசா மனுப் போட்டிருக்கேன். அது எத்தன வருசம் ஆகும்னு யாருக்கும் தெரியல. எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல, நாங்க ரெண்டு பேருந்தான். ரெண்டு வாரம் முந்தி இந்த எடத்துல நின்னு அந்த வரிசைய மூட வாரவருக்குத்தான் ஜெபம் பண்ணுனோம். அன்னைக்கு நான் கைய எடுத்தது அதுக்குத்தான். அவங்க பேரு ஞானமுத்து."

உட்கார்ந்துவிட்டேன். இந்த நோட்டில்கூட அதை நான் இதுவரை நேராக எழுதியிருக்கவில்லை. சொன்ன பிறகு ஒன்றும் இடிந்து விழவில்லை.

அப்புறம் வயலட் அக்கா எழுந்தாள். "என் தங்கச்சி எமிலி. பதினோரு வருசமா வரிசையில நிக்கா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "என் வைஃப். ஷாலினி." யாரென்று திரும்பிப் பார்த்தேன். பண்டிகை அன்று ஓங்கிக் கை தட்டினவர்களில் ஒருவர்.

பாஸ்டர் மேடையில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். முன்வரிசையில் இருந்த ரூபஸ் அண்ணாச்சியைப் பார்த்தார். பிறகு காலியாகக் கிடந்த கீபோர்டு ஸ்டாண்டைப் பார்த்தார். மைக்கில், "ஜெயசீலி சிஸ்டர், ஜெபிக்கணும். கொஞ்சம் வாசிக்கியளா?" என்றார்.

நான் வெளியே போய் டிக்கியைத் திறந்து கீபோர்டை எடுத்துவந்து மாட்டும்வரைக்கும் சபை மொத்தமும் காத்திருந்தது. 'ஏ'வைப் பிடித்தேன். எழுந்தது.

பாஸ்டர் பேர் சொன்னார். ஞானமுத்து, எமிலி, ஷாலினி. விசா என்ற வார்த்தையைச் சொன்னார். வரிசை திறக்கட்டும் என்று சொன்னார். இந்தத் தடவை எதையும் தாண்டிக் குதிக்கவில்லை. நான் கடைசி ஆமென் வரைக்கும் விரலை எடுக்கவில்லை.

ரூபஸ் அண்ணாச்சியும் தலையைக் குனிந்தார். எல்லாரும் குனியும்போது குனியத்தானே வேண்டும். கொஞ்ச நேரத்தில் கைக்குட்டையை எடுத்துக் கண்ணையும் துடைத்துக்கொண்டார். நான் நன்றாகப் பார்த்தேன். நான்கு கடைக்கு முதலாளி, என் வீட்டுக்காரர் குறட்டைக்குத் தலை குனிந்து அழுதார்.

நவம்பர் 4, புதன்

தொப்பிக்காரர் ஜெயித்துவிட்டார். ஜெயிக்கட்டும். கோழிக் கடையில் ஷிப்டு பார்த்துவிட்டு, மனுவுக்கு இன்னும் கேட்டிருக்கிற போட்டோக்களை எடுத்துவிட்டு வந்தேன்.

இவருக்குப் போன் போட்டேன். ஊரில் விடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது, பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பண்டிகை, வேலை போனது, சாட்சி சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது.

"சபையில என் பேரச் சொன்னாங்களா?" என்றார்.

"சொன்னாங்க."

"ரூபஸ் அண்ணாச்சி இருக்கும்போதா?"

"அவரு அழுதாரு."

"அவரு எதுக்கு அழுதாரு?"

அப்போதுதான் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொன்னேன். எதிலிருந்து செய்தேன் என்று சொன்னேன். கீபோர்டை ஆன் செய்து போனை ஸ்பீக்கர் பக்கம் வைத்து, 'ஏ'வை அழுத்தி முழுசாகப் போட்டுக் காட்டினேன். அடங்கும்வரை கேட்டார்.

"ஏ சீலி, அது ஃபிரிட்ஜ்லா" என்றார். குரல் சரியாக இல்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "நா எங்க கொறட்ட விட்டேன்?"

"விடலைன்னா வந்து நிரூபிங்க" என்றேன்.